நான் எழுதிக் கொடுத்த ராஜினாமா

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணி. அண்ணனூர் ஸ்டேஷனில் ரயிலைப் பிடிக்க நானும் ஜெயமேரி அம்மாவும் ஓடினோம். எனக்கு முழங்கால் வலி, அவருக்குச் சர்க்கரை. ஓடிய அழகை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

எதற்கு அந்த ஓட்டம்? எல்லாம் நான் செய்து வைத்த வேலை!

ஜெயமேரி அம்மா எங்கள் மாடி போர்ஷனில் குடியிருக்கிறார். மருமகள் ஷீபா, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பில்லிங் பார்க்கிறாள். நாலு வருஷ சர்வீஸ். இப்போது ஆறாவது மாதம், தலைப்பிரசவம். மகனுக்கு ஓசூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். அவன் சம்பளம் கல்யாணக் கடனுக்கே சரியாகப் போகிறது. வாடகை, அரிசி, மாமியாரின் மாத்திரை எல்லாம் ஷீபா சம்பளத்தில்தான்.

திங்கட்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து நேராக என் வீட்டுக்குள் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, ஆளைக் குறைக்கிறாங்களாம். பில்லிங்க மொத்தமா ஹெட் ஆபீஸுக்கு மாத்திட்டாங்க. நீயே ரிசைன் பண்ணிடு, நல்லபடியா ரிலீவிங் லெட்டர் தர்றோம்னு எச்.ஆர். மேடம் சொல்றாங்க. நாங்களா அனுப்புனா உன் பேருதான் கெடும்னு வேற சொல்றாங்க. நாளைக்கே லெட்டர் வேணுமாம்..."

பின்னாலேயே ஜெயமேரி அம்மாவும் இறங்கி வந்துவிட்டார். "கம்பெனிக்காரன் தொரத்திட்டான்னா சர்ச்சுல நாலு பேரு இன்னா கேப்பாங்கோ? இந்தப் பொண்ணு இன்னா தப்பு பண்ணிச்சோன்னுதான? அவளா உட்டுட்டு வந்தான்னு இருக்கட்டும். அதான் மருவாதி."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சொந்தக்காரர் வீட்டில் யார் முகமாவது லேசாகக் கோணினாலே, "சரி, நாங்க கிளம்புறோம்" என்று பையைத் தூக்குகிற ஜனங்கள் நாம். விரட்டினார்கள் என்ற பேச்சு மட்டும் வரக்கூடாது. அதற்காக எதை வேண்டுமானாலும் விட்டுவிட்டு வருவோம்.

தெருவில் யாருக்கு என்ன லெட்டர் வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். எழுதுகிறவள் என்ற பெயர் இருக்கிறதே! உட்கார்ந்து எழுதினேன். சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்... நாலு ஆண்டுகள் என்னை வளர்த்த நிறுவனத்துக்கு மனம் நிறைந்த நன்றி... இந்த நாட்களை என்றும் மறவேன்... படித்துவிட்டு ஷீபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் எழுத்தின் சக்தி என்று நினைத்துக்கொண்டேன். வேறென்ன சொல்ல?

மறுநாள் பதினொரு மணிவாக்கில் மல்லிகா போன் செய்தாள். கல்லூரித் தோழி. பூந்தமல்லி கோர்ட்டில் வக்கீல். ஏதோ பேசி, பேச்சுவாக்கில் என்னிடம் இருந்த நகலை எடுத்து அந்த லெட்டரைப் பெருமையாக வாசித்துக் காட்டினேன்.

"ஏண்டி, அந்தப் பொண்ணு மேல உனக்கு என்ன கோபம்?"

"என்னடி சொல்ற?"

"அவ சம்பளத்துல இ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்களா?"

"இல்ல. சம்பளம் அந்த லிமிட்டுக்கு மேல."

"அப்போ பேறுகாலச் சம்பளத்தை இ.எஸ்.ஐ. தராது, கம்பெனிதான் தன் கையிலேர்ந்து தரணும். இருபத்தாறு வாரத்துக்கு! பிரசவத்துக்கு முந்தின ஒரு வருஷத்துல எண்பது நாள் வேலை பார்த்திருந்தா போதும். கர்ப்பமா இருக்கும்போது அவங்க வேலையை விட்டு அனுப்பினாக்கூட அந்தப் பணம் போகாது. ஆனா, தானா போறேன்னு எழுதிக் குடுத்தா? நாளைக்கு இவ கேட்டா, உன் லெட்டரைத்தான் எடுத்து முன்னாடி வைப்பாங்க. அவளாதான் போனான்னு சொல்லிடுவாங்க. அப்புறம் மிரட்டித்தான் எழுத வச்சாங்கன்னு யார் நிரூபிக்கிறது? இதுல நன்றி வேற சொல்லியிருக்க!"

ஷீபாவுக்குப் போன் போட்டேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது. கேட்டிலேயே செக்யூரிட்டி லாக்கரில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று அவள் சொன்னது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. மாடிக்கு ஓடி ஜெயமேரி அம்மாவைக் கூப்பிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே வந்தார்.

ரயிலில் உட்கார இடம் இருந்தது. ஆனால் எங்கே உட்காருவது? திருமுல்லைவாயலில் வண்டி நின்றது. கிளம்புவேனா என்றது. கதவுப்பக்கம் போய் சிக்னலை எட்டி எட்டிப் பார்த்தேன். இந்நேரம் கொடுத்திருப்பாளோ? கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியுமா?

"ஆறு மாசச் சம்பளமா?" என்றார் ஜெயமேரி அம்மா, நாலாவது தடவையாக. "ஊட்ல குந்திகினு கீறவளுக்கா குடுப்பாங்கோ? நெசமாத்தான் சொல்றியா?"

"சட்டம்மா."

"பின்ன அந்த எச்.ஆர். பொண்ணு ஏன் சொல்லல?"

பட்டரைவாக்கத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஏறி, கம்பெனி வாசலுக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்றாகிவிட்டது. செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. ஆளைக் கூப்பிடவும் முடியாதாம்.

"மாமியாருக்கு நெஞ்சு வலின்னு சொல்லுப்பா," என்றார் ஜெயமேரி அம்மா.

"யாரும்மா மாமியார்?"

"நான்தான்!"

செக்யூரிட்டி அவரை மேலும் கீழும் பார்த்தார். என்ன தோன்றியதோ, இன்டர்காமை எடுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஷீபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேகவேகமாக வந்தாள். நான் எட்டிப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"லெட்டரைக் குடுத்துட்டியா?"

"ரெண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. ஏன்க்கா? அத்தைக்கு இன்னா ஆச்சு?"

"எனக்கு ஒண்ணியும் ஆவல. அந்தக் காயிதத்த முதல்ல கிழி!" என்றார் அத்தை. சர்ச்சில் நாலு பேர் என்ன கேட்பார்கள் என்பதெல்லாம் எந்த ஸ்டேஷனில் இறங்கிப் போனதோ!

எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. மல்லிகா போனில் சொல்லச் சொல்ல ஷீபா தன் கைப்பட எழுதினாள். கர்ப்பமாக இருக்கிறேன், டாக்டர் குறித்த தேதி இது, பேறுகாலச் சலுகையைக் கோருகிறேன், நானாக ராஜினாமா செய்யவில்லை. அவ்வளவுதான், மொத்தம் அஞ்சு வரி. நகலில் கம்பெனி சீல் வாங்காமல் வெளியே வரக்கூடாது என்று மல்லிகா ரெண்டு தடவை சொன்னாள். ரெண்டேகாலுக்கு உள்ளே போனவள் திரும்பி வந்தபோது மணி நாலு. அதுவரை அந்தக் கடை வாசலில் நான் நடந்த நடை இருக்கிறதே... கடைக்காரர் கடைசியில் ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். அப்போதும் உட்காரவில்லை.

சீல் வாங்கி வந்தாள். வெள்ளிக்கிழமை மெயிலும் வந்தது. இந்த மாதக் கடைசியோடு வேலை இல்லை, பேறுகாலச் சம்பளம் சட்டப்படி தரப்படும் என்று. இப்படி வேலையிலிருந்து எடுத்ததே செல்லுமா என்று கேட்டு மல்லிகா தனியாக நோட்டீஸ் தயார் செய்துகொண்டிருக்கிறாள். அது அவள் பாடு. ஷீபா நேற்று மாடியிலிருந்து ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்தனுப்பினாள்.

பாயசத்தைத் தொடாமல் மூடி வைத்துவிட்டேன். ஏனென்றால் இது நான் எழுதிய முதல் ராஜினாமாக் கடிதம் இல்லை.

அஞ்சு வருஷம் முன்பு நாங்கள் ஐயப்பன்தாங்கலில் இருந்தோம். பக்கத்து வீட்டுச் சுமதி ஒரு ஆபீஸில் ஸ்டோர்ஸ் பார்த்தாள். ஏழாவது மாதத்தில், "உன்னால அலைய முடியாது, நீயே எழுதிக் குடுத்துடுன்னு சொல்றாங்கக்கா" என்று வந்து நின்றாள். எழுதிக் கொடுத்தேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. சட்டம் அன்றைக்கும் இதே சட்டம்தான்.

பழைய நம்பரைத் தேடிப் பிடித்து, இன்று காலை பேசினேன். எப்படி ஆரம்பிப்பது, என்னவென்று மன்னிப்புக் கேட்பது... ஒன்றும் புரியவில்லை. பையன் யு.கே.ஜி. படிக்கிறானாம். அதற்கப்புறம் அவள் வேலைக்கே போகவில்லையாம்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"அக்கா, அன்னைக்கு நீங்க எழுதிக் குடுத்த லெட்டர் இருக்குல்ல... அவ்ளோ நல்லா எழுதியிருக்கீங்கன்னு மேனேஜரே கை குடுத்தாருக்கா. ரொம்ப தேங்க்ஸ்க்கா!"