கயிறு பிடித்த பொம்மைக்கு வேறு முகம்

எழுபதுகளின் கடைசியில், மட்டாஞ்சேரியில் மிளகுக் கிட்டங்கிகள் இருக்கும் தெருவில் நான் மண்பொம்மைக் கடை வைத்திருந்தேன். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் நாங்கள். அந்த மழைக்காலத்தில் எறணாகுளத்தில் ஒரு கண்காட்சிக்காக, காட்டில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்கிறவர்களைப் பொம்மைகளாகச் செய்து தரச் சொல்லியிருந்தார்கள்.

மண் பிசைவதும் சூளை பார்ப்பதும் என் மனைவியின் தம்பி. ஈரம் காயாமல் சூளையில் வைத்து எட்டு பொம்மைகளை வெடிக்க விட்டுவிட்டான். விடாமல் பெய்கிற மழையில் எதுதான் காயும்? ஆனால் எனக்கு அப்போது மூக்குக்கு மேல் கோபம். தண்டச்சோறு என்று திட்டி, ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஊருக்குப் போய்விடச் சொன்னேன். முந்தின வருஷம் நான் மஞ்சள் காமாலையில் இரண்டு மாதம் படுத்திருந்தபோது கடையைக் கட்டிக்காத்தவன் அவன்தான். என் கூடப்பிறந்த தம்பி ஊரிலிருந்து ஒரு கடுதாசி போட்டதோடு சரி.

வெடிக்காமல் மிஞ்சியதில் எனக்கு ரொம்பப் பிடித்தது தேன் எடுக்கும் காட்சி. பாறை விளிம்பிலிருந்து ஒருவன் கயிற்றில் தொங்குவான். மேலே ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். தொங்குகிறவனுக்கு விளையாட்டாக என் முகத்தையே வைத்திருந்தேன். மேலே இருப்பவனுக்கு என் தம்பியின் முகம்.

சனிக்கிழமை, கிட்டங்கிக்குத் தேன் டின்களோடு மலையிலிருந்து வந்த ஒருவர் கடை வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். அவரும் தேன் எடுக்கிறவர்தானாம். மேலே கயிறு பிடித்திருப்பது யார் என்று கேட்டார். தம்பி என்றேன், பெருமையாக. அவர் இல்லை என்று தலையசைத்தார்.

"தம்பி பிடிச்சா ஞங்க ஆளு இறங்க மாட்டான் சேட்டா. அளியன் பிடிக்கணும். சொந்தப் பெங்ஙளோட புருஷனல்லே, அவன் கையை விட மாட்டான்."

பெங்ஙள் என்றால் கூடப்பிறந்தவள்; அளியன் என்றால் மச்சினன், மனைவியின் கூடப்பிறந்தவன். உள்ளே மண் பிசைந்துகொண்டிருந்த என் மச்சினனுக்கும் அது கேட்டது. பிசைந்த கை நின்றது. எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. வந்தவர் போனதும், கயிறு பிடித்திருந்தவனின் தலையை உடைத்து எடுத்தேன். ஒரு பிடி மண்ணோடு உட்கார்ந்து, மச்சினனை எதிரே வந்து உட்காரச் சொன்னேன்.

"அத்தான், நாளைக்கு பஸ்ஸுக்குப் போணும்லா" என்றான்.

"தலைய ஆட்டாம உக்காரு" என்றேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது. அந்தப் புதுத் தலையை அடுப்படியில் மூன்று நாள் காயவைத்து அவனே சுட்டான். வெடிக்கவில்லை.

நான் தொங்கிக்கொண்டிருந்தபோது கயிற்றைப் பிடித்திருந்தவனையே விரட்டப் பார்த்தேன் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.