கழுத்துக்குக் கீழே சாம்ஃபிர்

கிராயோவா நகரத்து நீதிமன்றத்தில் நீதிபதியின் தலைக்கு மேலே அரசரின் பெரிய படம் ஒன்று தொங்குகிறது. ஒரு கை வாளின் பிடியில், ஒரு கை மேசைமேல், மார்பு நிறையப் பதக்கங்கள். பொய்ச்சாட்சி சொல்ல வந்தவன்கூட அந்தப் படத்தை அண்ணாந்து பார்த்ததும் பாதியை விழுங்கிவிடுவான் என்று ஊரில் பேச்சு. முகம் அரசருடையதுதான், அதில் சந்தேகமில்லை. கழுத்துக்குக் கீழே இருப்பதெல்லாம் தயிர் விற்கிற சாம்ஃபிர்.

இதில் யாரும் முகம் சுளிக்க ஒன்றுமில்லை. ஊருக்கு ஊர் படம் கேட்டால் அரசர் எங்கே எங்கே போய் நிற்பார்? அவருக்கு நாட்டை ஆளுகிற வேலை இருக்கிறது. முகத்துக்கு ஒரு புகைப்படம் போதும். ஆனால் தோளில் துணி எப்படி விழுகிறது, முழங்கையில் எப்படி மடிகிறது என்பதைப் பார்த்து வரைய உயிருள்ள உடம்பு ஒன்று வேண்டும். ஓவியர் லஸ்கார் அந்த உடம்பைத் தன் ஜன்னலுக்குக் கீழே, தெருவில் கண்டுபிடித்தார்.

சாம்ஃபிர் சிறு வயதிலிருந்தே காவுத்தடி சுமந்தவன். தடியின் இரண்டு முனையிலும் தயிர்ப் பானைகள் ஆட, கிராமத்திலிருந்து விடியற்காலையில் நடந்து வந்து ஊரெல்லாம் கூவி விற்பான். அந்தத் தடி செதுக்கிய தோள்கள் அவனுக்கு. லஸ்கார் அவனை மாடிக்குக் கூப்பிட்டு, சந்தையில் காளை வாங்குகிறவரைப் போல அவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"உன் தலை எனக்கு வேண்டாம். மத்ததெல்லாம் வேணும்" என்றார்.

சாம்ஃபிர் பானைகளை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தான். ஆள் காலையிலேயே தண்ணி போட்டிருக்கிறார் என்று அவனுக்குத் தோன்றியது. கூலியைச் சொன்னதும் நின்றான்.

நாடகக் கம்பெனியில் வாங்கிய ராணுவ உடுப்பு, தகரப் பதக்கங்கள், மர வாள். அவற்றை மாட்டிக்கொண்டு மேடைப் பலகையில் அசையாமல் நிற்பதுதான் வேலை. வீட்டில் அவன் மனைவி ஸ்டான்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"மகாராஜா வந்துட்டாரா? விறகு பொளக்க ஆள் இல்லாம ராஜ்யமே தவிக்குது, கொஞ்சம் தயவு பண்ணக்கூடாதா?"

சாம்ஃபிர் கோடரியை எடுப்பான். அவனுக்கு அது விளையாட்டில்லை. பல நாள் அந்தத் திரைச்சீலையில் அவன் உடம்பு தலையில்லாமல் நின்றது. ஒரு காலையில் வந்து பார்த்தால் மேலே அரசரின் முகம் இருந்தது. அந்தக் கண்கள் நேரே அவனைப் பார்த்தன. சாம்ஃபிர் தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டான்.

"யாரடா கும்பிடறே? பாதி நீதானே" என்றார் லஸ்கார்.

"அதான் எஜமான், பயமா இருக்கு."

அதற்குப் பிறகு அவன் ஆளுநருக்கு உடம்பானான், கர்னல்களுக்கு உடம்பானான், செத்து இருநூறு வருஷமான ஒரு பழைய கோமகனுக்குக்கூடக் கம்பளி அங்கி போட்டுக்கொண்டு நின்றான். ஒவ்வொரு முறையும் பலகையில் ஏறுமுன் சிலுவைக் குறி போட்டுக்கொள்வான். அந்த நாட்களில் வெங்காயம் தொடமாட்டான். பெரிய மனிதர்களின் சட்டைக்குள் வெங்காய மூச்சு விடுவது மரியாதையில்லை என்று அவனாகவே முடிவு செய்திருந்தான்.

இப்படி இருக்கும்போது ஒரு இலையுதிர் காலத்தில் அந்தப் பெட்டி வந்தது.

டான்யூப் நதிக்கு அக்கரையில் நடந்த போரில் இறந்துபோன ஜெனரல் விளாஸ்தாருவின் படத்தைப் புதிதாகக் கட்டிய படைவீரர் மன்றத்தில் மாட்டப் போகிறார்கள். அவர் மனைவி எஃப்ரோசினா அம்மையார், படம் வரையவென்று அவர் போரில் உடுத்தியிருந்த அந்தக் கோட்டையே அனுப்பியிருந்தார். படம் முடிந்ததும் கோட்டும் கண்ணாடிப் பேழையில் மன்றத்துக்குப் போய்விடும். லஸ்கார் மூடியைத் திறந்தார். அந்துப்பூச்சிக்காகப் போட்டிருந்த காய்ந்த வால்நட் இலைகள் உதிர்ந்தன. உள்ளே நீலக் கோட்டு, அதில் நிஜமான சிலுவைப் பதக்கங்கள். இடது அக்குளுக்குக் கீழே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு இழையோட்டித் தைத்த இடம்.

சாம்ஃபிர் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். அந்த ஓட்டையை அவனுக்குத் தெரியும்.

அவன் அந்த ஜெனரலின் படையில் காலாள். எந்தக் குளிரிலும் கழுத்துக் கொக்கியைத் திறந்து போட்டுக்கொண்டு அவர் பதுங்குகுழிகளில் நடந்து வருவார். ஒரு நாள் சாம்ஃபிரின் உள்ளங்கையிலிருந்த ஆறிப்போன மக்காச்சோளக் களியில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு, "உப்பு பத்தலடா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காகச் சாம்ஃபிர் அவர் கைகாட்டிய எந்த நெருப்புக்குள்ளும் போயிருப்பான்.

அக்குளுக்குக் கீழே குண்டு பட்டு அவர் பனியில் விழுந்தார். பதக்கங்கள் குடும்பத்துக்குப் போய்ச்சேர வேண்டும் என்று கோட்டைக் கழற்றி எடுத்து வைத்தார்கள். அடக்கத்துக்கு அலங்கார உடுப்பு தலைமையிடத்திலிருந்து வருவதாக இருந்தது. பனியில் வழி அடைத்துக்கொண்டது, உடுப்புப் பெட்டி வரவில்லை. படை நகர வேண்டும், காத்திருக்க முடியாது. உறைந்த மண்ணைக் கொத்தியவர்களில் சாம்ஃபிரும் ஒருவன். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது, எல்லோரும் அழுதார்கள். ஆனால் ஜெனரல் வெறும் சட்டையோடு குழிக்குள் போனார்.

சாம்ஃபிரின் ஜனங்களுக்கு இது சின்ன விஷயமில்லை. ஒருவர் இறந்தால் அவருடைய உடல்வாகு உள்ள ஒருவனைக் கூப்பிட்டு அவர் உடுப்பைப் போட்டுவிடுவார்கள். இது இன்னாருக்கு, அவருக்குப் போய்ச் சேரட்டும் என்று இறந்தவரின் வீட்டார் சொல்ல வேண்டும். வாங்கிக்கொண்டவன், தேவன் அவரை மன்னிக்கட்டும் என்று சொல்லி, அந்த உடுப்போடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இவன் இங்கே உடுத்தினால் அவர் அங்கே உடுத்துகிறார். அந்த வார்த்தை சொல்லப்படாதவர் போனபோது எப்படிப் போனாரோ அப்படியேதான் நிற்பார். படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அவர்கள் வீட்டிலும் இதைத்தான் செய்வார்கள்.

"வார்த்தை சொல்லாம நான் இதப் போட மாட்டேன் எஜமான்" என்றான் சாம்ஃபிர்.

"அவ்வளவுதானே, நான் சொல்லிடறேன். போடு."

"நீங்க சொன்னா சேராது. வீட்டு ஜனம் சொல்லணும்."

"அந்தம்மாகிட்டப் போயி, உங்க புருஷன் கோட்டத் தயிர்க்காரனுக்குத் தானம் குடுங்கன்னு நான் கேக்கணுமா? என் பொழப்புல மண்ணு போடாத. நீ போடலன்னா கறிக்கடைக்காரன் இருக்கான், அவன் தோளும் அகலம்தான்."

கறிக்கடைக்காரன் என்றதும் சாம்ஃபிர் எழுந்துவிட்டான். கை கழுவிக்கொண்டு வந்து கோட்டுக்குள் கையை நுழைத்தான். தைத்து வைத்தது போலப் பொருந்தியது. நாடகக் கம்பெனி உடுப்பு எதுவும் இப்படிக் கனத்ததில்லை. முதுகு தானாக நிமிர்ந்தது. கழுத்துக் கொக்கியை அவன் மாட்டவில்லை. அந்தச் சின்ன ஓட்டை இருந்த பக்கம் மூச்சு விடவே அவனுக்குக் கூசியது.

வீட்டில் ஸ்டான்கா முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டாள். விஷயத்தைச் சொன்னான்.

"கேட்டுடுய்யா. இதுல என்ன வெக்கம்?"

"கோட்டு மேல கண்ணு வச்சிட்டான்னு நெனப்பாங்கடி."

"நெனச்சா நெனச்சுட்டுப் போறாங்க. உன் மானம் பெருசா, அந்த மனுசன் குளிர்ல நிக்கிறது பெருசா?"

படம் முடிகிற தறுவாயில் எஃப்ரோசினா அம்மையார் பார்க்க வந்தார். கறுப்பு உடை, கறுப்புக் கையுறை, ஊன்றாமல் கையில் பிடித்த ஒரு குடை. திரைச்சீலை வாசலைப் பார்த்து இருந்ததால் முதலில் படத்தைத்தான் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"முகம் அவருதான்" என்றார்.

பிறகு திரும்பினார். ஜன்னலோரப் பலகையில், முகத்தில் நிழல் விழ, அந்தக் கோட்டு நின்றுகொண்டிருந்தது. அம்மையாரின் கை பக்கத்திலிருந்த நாற்காலியைத் தேடிப் பிடித்தது.

சாம்ஃபிர் ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் அப்போது காணாமல் போனது. மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

"அம்மணி, இந்தக் கோட்ட எனக்குக் குடுத்துடுங்க."

லஸ்காரின் முகம் வெளுத்தது. "மன்னிக்கணும், தெருவில தயிர் விக்கிற ஆளு, ஏதோ உளறிட்டான்" என்று நடுவில் வந்தார்.

அம்மையார் அவரைக் கையால் விலக்கினார். "உனக்கு எதுக்கு? பதக்கத்த வித்துக் குடிக்கவா?"

"எனக்கில்லீங்க அம்மணி. அவருக்கு. அவரு வெறும் சட்டையோட போனாரு."

"யார் சொன்னது? அலங்கார உடுப்புல அடக்கம் பண்ணினதா எங்கிட்ட வந்து சொன்னாங்களே."

சாம்ஃபிருக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த அம்மாவுக்குத் தெரியாது. இத்தனை வருஷமாகத் தங்கச் சரிகை வைத்த கழுத்தோடும் வெள்ளைக் கையுறையோடும் அவரை நினைத்து ஜெபித்து வந்திருக்கிறார். இல்லை, தவறாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். ஆனால் ஜெனரல் குளிரில் நிற்பார். சாம்ஃபிர் கண்ணை மூடித் திறந்தான்.

"பெட்டி வந்து சேரல அம்மணி. பனி. நான் மண்ணு வெட்டினேன், நான் பாத்தேன்."

"ரொம்பக் குளிரா?"

"கடப்பாரை எறங்கல."

லஸ்கார் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அம்மையார் கையுறைகளைக் கழற்றி நாற்காலியில் போட்டார். பாவாடையைக் கையில் பிடித்துக்கொண்டு பலகையில் ஏறினார். அவர் கண் கழுத்துக் கொக்கியில் நின்றது.

"இத யாரு தொறந்து விடச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. அவரு அப்படித்தான் வருவாரு."

"தெரியும். தெனம் காலையில நான்தான் மாட்டி விடுவேன். தெருமுனை தாண்டினதும் அவுத்து விட்டுடுவாரு."

கொக்கி முதலில் வழுக்கியது. மறுபடி பிடித்து மாட்டினார். கழுத்துப்பட்டையை இரண்டு பக்கமும் நீவிவிட்டார். பிறகு பதக்கங்களின் மேல் உள்ளங்கையை வைத்து, கிராமத்துப் பெண் யாரும் சொல்வது போலவே சொன்னார்.

"இது இயோர்தாக்கேக்கு. அவருக்குப் போய்ச் சேரட்டும்."

ஜெனரலுக்கு வீட்டில் கூப்பிடுகிற பெயர் ஒன்று இருக்கும் என்று சாம்ஃபிர் அதுவரை நினைத்ததே இல்லை.

"தேவன் அவரை மன்னிக்கட்டும்" என்றான்.

லஸ்கார் தன் அலமாரியில் இருந்ததையெல்லாம் மேசைக்குக் கொண்டுவந்தார். ரொட்டி, உப்புப் பாலாடைக்கட்டி, வெங்காயம், ஒரு குவளை திராட்சை மது. சாம்ஃபிரைக் கோட்டோடு உட்காரவைத்து அம்மையாரே பரிமாறினார். அவன் வெங்காயத்தை மட்டும் ஓரமாகத் தள்ளினான்.

"ஏன்?"

"கோட்டுல வாடை அடிக்கும் அம்மணி."

"சாப்பிடு. அவருக்கு வெங்காயம்னா உயிரு."

அவன் சாப்பிட்டான். அவர் எதிரே உட்கார்ந்து, கண்ணீரைத் துடைக்காமல், ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார். உப்பு போதுமா என்று ஒரு முறை கேட்டார். சாம்ஃபிர் தலையை ஆட்டினான்.

தட்டு காலியானதும் அவன் எழுந்து, கோட்டைக் கழற்றி, பதக்கங்கள் உரசாமல் மடித்துப் பெட்டியில் வைத்தான். அது இப்போது மன்றத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. பக்கத்தில் படமும் இருக்கிறது. லஸ்கார் அன்றே திருத்தியதால், அதில் ஜெனரலின் கழுத்துக் கொக்கி இறுக்க மாட்டியிருக்கிறது. பழைய சிப்பாய்கள் பார்த்துவிட்டு, அவர் என்றைக்கு இப்படி மாட்டினார், இந்த ஓவியனுக்கு என்ன தெரியும் என்று முணுமுணுப்பார்கள். சாம்ஃபிர் காவுத்தடியை வாசலில் சாத்திவிட்டு உள்ளே போய், தொப்பியைக் கழற்றி நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வருவான்.

அம்மையார் வார்த்தை சொன்ன அன்று சாயங்காலம் அவன் தன் பழைய ஆட்டுத்தோல் மேலங்கியோடு வீட்டுக்கு வந்தான். ஸ்டான்கா அடுப்பில் களியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

அவள் அகப்பையை நிறுத்தி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "கோட்டு எங்கய்யா?"

"அவரு போட்டிருக்காரு" என்றான் சாம்ஃபிர்.