அக்கா அளந்த தண்ணீர்

அந்தக் கருவி நல்ல மஞ்சள் நிறத்தில், ஒரு கைக்குள் அடங்கும் அளவில் இருந்தது. மேலே ஒரு சின்னத் திரை, கீழே நாலைந்து பொத்தான்கள், பக்கவாட்டிலிருந்து நீளும் கறுப்பு வயர், வயரின் நுனியில் தண்ணீரில் முக்குவதற்கான தடித்த குச்சி. ஒரு வெள்ளிக்கிழமை மாலை அக்கா அதைத் தோள்பையிலிருந்து எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தபோது, அப்பா படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். வாசலில் யாராவது வந்து நின்றால்கூடப் பாதிச் செய்தியில் எழுந்திருக்காதவர். "இதுதானா அது?" என்று கேட்டார். பல வாரங்களாக எங்கள் வீட்டில் அக்காவுக்கு வேறு பேச்சே இல்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. மலையாள நாட்டுக் கரமனையில் ஆற்றையொட்டிய அக்ரகாரத் தெருவில் எங்கள் வீடு. அக்கா வேளாண்மை படித்து முடித்து, கடலோரத்து மண்ணிலும் கிணறுகளிலும் உப்பு ஏறுவதை ஆராய்கிற ஒரு திட்டத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அதுவரை தண்ணீரைப் பாட்டில்களில் பிடித்து, மண்ணைப் பொட்டலம் கட்டி, பஸ்ஸில் நெருக்கியடித்துக்கொண்டு நகரத்து ஆய்வுக்கூடத்துக்குச் சுமந்து வருவாள். புதிய கருவி வந்த பிறகு நின்ற இடத்திலேயே அளக்க முடிந்தது. தண்ணீரில் உப்பு கூடக்கூட மின்சாரம் அதில் எளிதாகப் பாயுமாம். அந்தப் பாய்ச்சலைத்தான் திரை எண்ணாகக் காட்டும். அதைவிடப் பெரிய விஷயம், ஆள் பக்கத்தில் இல்லாவிட்டாலும் சொல்லி வைத்த இடைவெளியில் தானே அளந்து அளந்து நினைவில் வைத்துக்கொள்ளும் என்பது. இதை அக்கா சொன்னபோது அவள் முகத்தில் இருந்த பெருமை, கருவியைச் செய்தவனுக்குக்கூட இருந்திருக்காது.

அன்று மாலை அப்பாவும் அக்காவும் வீட்டிலுள்ள தண்ணீரையெல்லாம் அளந்தார்கள். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர் எல்லாம் முடிந்தது. ஒவ்வொரு முறையும் அக்கா குச்சியைச் சுத்த நீரால் கழுவி, டம்ளரில் இறக்கி, எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருப்பாள். அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பார். கடைசியில் குடிநீர்க் குடத்தை நெருங்கியபோது அம்மா குறுக்கே வந்து நின்றாள். "எந்தெந்த ஜலத்தில எல்லாம் முக்கினயோ, என் குடத்துப் பக்கம் கொண்டு வராதே. மதி, விளையாடினது போறும்." அப்பாவும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அப்பா அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவர். மூத்த மகளின் வேலையில் தனக்கும் ஒரு பங்கு இருப்பதாக அந்த நாட்களில் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். சாப்பிட உட்கார்ந்ததும் அன்று எங்கே போனாள், எந்தக் கிணற்றில் என்ன கண்டாள் என்று கேட்பார். அவள் சொல்லி முடிக்கும்வரை மோர்சாதம் ஆறிக்கிடக்கும். நான் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்குப் பொறாமையெல்லாம் இல்லை. அந்தப் பேச்சு வீட்டில் இருப்பதே விளக்கு எரிவதைப் போல இருந்தது.

ஒரு விடுமுறை நாளில் அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பூவாருக்குப் பக்கத்தில், ஆறு கடலைத் தொடும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளி, தென்னைகளுக்கு நடுவே ஒரு கீரைத் தோட்டம். அதன் சொந்தக்காரியை அக்கா, மலையாள வழக்கப்படி மூத்தவளை அழைப்பதுபோல, சேச்சி என்று அழைத்தாள். எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் மகள்; கணவர் இறந்த பிறகு கீரையும் பயறும் போட்டு, கூடையில் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போய் விற்றுப் பிழைத்துவந்தாள். சிவப்புக் கீரையின் இலைகள் ஓரமெல்லாம் கருகிச் சுருண்டு கிடந்தன. அக்கா குத்தவைத்து மண்ணைக் கிள்ளி எடுத்து, சுத்த நீரில் கலக்கிக் குலுக்கி, தெளிய விட்டுக் குச்சியை இறக்கினாள். எண் மேலே போய்க்கொண்டே இருந்தது. கிணற்றுத் தண்ணீர் அதற்கு மேல்.

"இது எனக்க தம்பி செய்த வேலையாக்கும், மோளே" என்றாள் சேச்சி. வேலிக்கு அந்தப் பக்கம் ஓட்டு வீடு ஒன்று தெரிந்தது. அது அவளுடைய தம்பியின் வீடு. அப்பன் விட்டுப்போன இடத்தைப் பாகம் பிரித்தபோது இருவருக்கும் மனஸ்தாபம். "தெங்குக்குப் போடதுக்குன்னு சொல்லி ஒரு சாக்கு உப்பு எறக்கினான். அதுக்குப் பொறவுதான் எனக்க கெணத்து வெள்ளம் இப்பிடி ஆச்சு. ராத்திரியில கெணத்துல தட்டியிருப்பான்." அன்றிலிருந்து தம்பியோடு பேச்சில்லை. அவன் மகள் கல்யாணத்துக்கு வந்து அழைத்தபோது கதவைத் திறக்கவில்லை. வேலியோரத்துக் கீரைக்குத் தண்ணீர் விடும்போதுகூடத் திரும்பி நின்றுகொண்டுதான் விடுவாளாம்.

"இப்போ ஒண்ணும் சொல்ல முடியாது சேச்சி. இதை இங்கயே விட்டுட்டுப் போறேன். வாவு கழிஞ்சு வரேன்" என்றாள் அக்கா. அமாவாசை, பௌர்ணமியை அந்தக் கரையில் வாவு என்பார்கள். கடல் அதிகம் பொங்குகிற நாட்கள். குச்சியைக் கிணற்றுக்குள் தொங்கவிட்டு, கருவியை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துக் கப்பித் தூணில் கட்டிக்கொடுத்தவர், திட்டத்தில் அவளோடு வேலை பார்த்த ஒருவர். பாறசாலைக்காரர், தமிழ் பேசும் கிறிஸ்தவக் குடும்பம். அலுவலகத்தில் எல்லோரோடும் மலையாளம் பேசுவார். அக்காவோடு மட்டும் தமிழ். எங்கள் வீட்டு 'ஜலம்' என்ற சொல்லைச் சொல்லிச் சொல்லி அவளைச் சீண்டுவார். அவள் கை நீட்டும் முன்பே கழுவும் நீர்ப் பாட்டில் அவர் கையிலிருந்து அவள் கைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும் வழியில் ஜீப்பில் அக்கா ஜன்னல் வழியே கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வாவு கழிந்து நாங்கள் மறுபடி போனபோது, கருவியிலிருந்து கம்ப்யூட்டரில் இறக்கி அச்சடித்த தாள் அவளிடம் இருந்தது. அதில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு. கிணற்றுக்கட்டில் தாளை விரித்து அக்கா விரலால் காட்டினாள். தினமும் உப்பு ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. வாவு நெருங்க நெருங்க மேடுகள் உயர்கின்றன. சேச்சிக்கு எழுத்து கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் அந்தக் கோட்டைப் படிக்க அவளுக்கு நேரமாகவில்லை. "இது கடலுக்க ஏத்தமும் எறக்கமுமல்லா" என்றாள். கடலோரத்தில் பிறந்தவள். கோடைக்காலத்தில் சுற்றிலும் மோட்டார் போட்டு உறிஞ்ச உறிஞ்ச, நல்ல தண்ணீர் தாழ்ந்து, மணலுக்கு அடியில் கடல் உள்ளே வருகிறது என்று அக்கா விளக்கினாள்.

பிறகு அக்கா வேலிப் பக்கம் போய், தம்பியின் கிணற்றையும் அளக்கலாமா என்று கேட்டாள். அவர் தலையை மட்டும் அசைத்தார். அங்கே எண் இன்னும் அதிகமாக இருந்தது. அக்கா திரையைச் சேச்சியிடம் காட்டினாள். சேச்சி வேலிக்கு மேலாகக் குரல் கொடுத்தாள்.

"லேய், ஒனக்க வெள்ளமும் உப்புதானா? பின்ன நீ என்னத்துக்குச் சொல்லாம இருந்த?"

"நீ கேக்கல்லியே" என்றார் தம்பி. ரோட்டுக் குழாயிலிருந்து சைக்கிளில் குடம் கட்டி எடுத்துவந்துதான் அவர் வீட்டில் சமையலே நடந்துகொண்டிருந்தது. சேச்சிக்கு முகம் கொடுக்காத வீம்பில், அதையும் அவள் பார்க்காத வழியாகவே கொண்டுவந்திருக்கிறார்.

அன்று மாலை எங்கள் வீட்டில் அப்பா இந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டார். "ஒரு மெஷினை வெச்சுண்டு ஒரு குடும்பத்தைச் சேர்த்துட்டயே" என்றார். அந்தச் சந்தோஷம் வீட்டில் சில மாதங்கள்தான் தங்கியது.

அந்த வருடம் திட்டம் முடியும் தறுவாயில், அதே மேஜையில், அக்கா நேராகச் சொன்னாள்: "அப்பா, நான் அவரைக் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்." யார் என்று அப்பா கேட்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கையலம்பிவிட்டு வந்து, நின்றபடியே சொன்னார். "நீ படிச்சவ. உன் இஷ்டம்போலச் செய். ஆனா அதுக்கப்புறம் இங்க வராதே." குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் அக்கா ஏதாவது பதில் சொல்லியிருப்பாள். பதிவு அலுவலகத்தில் கல்யாணம் முடிந்தது. இருவருக்கும் குஜராத்தில் கட்ச் பக்கம் வேலை கிடைத்தது, அங்கே உவர்நிலத்தைப் பயிர்நிலமாக்கும் வேலை. ரயிலேற்ற நான் மட்டும் போனேன்.

அவள் இல்லாத வீட்டை எப்படிச் சொல்வது? யாரும் அழவில்லை, யாரும் சண்டை போடவில்லை. அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் எதையோ கேட்க வாயெடுப்பதுபோல நிமிர்வார். பிறகு ரசத்தை ஊற்றச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஜங்ஷனிலிருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அக்காவோடு பேசிவிட்டு வருவேன். அம்மா சமையலறையில் வைத்து ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொள்வாள். அப்பா முன்னறையில் செய்தித்தாளோடு இருப்பார். அந்த நேரத்தில் மட்டும் தாள் புரளும் சத்தம் கேட்காது.

இரண்டு மழைக்காலம் கடந்திருந்தது. ஒரு நாள் காலை வாசலில் சேச்சி நின்றாள். கரமனை, அக்ரகாரம், ஆற்றங்கரைத் தெரு என்று எப்போதோ அக்கா சொன்னதை வைத்துக்கொண்டு விசாரித்து வந்திருந்தாள். ஒரு கையில் கீரைக்கட்டு, மறு கையில் தண்ணீர் நிரப்பிய பாட்டில்.

"மோளு இல்லியா சாரே? ரெண்டு மழ நல்லா பெஞ்சதுல கெணத்து வெள்ளத்துல இப்ப உப்பே இல்ல. மெஷின்ல ஒண்ணு வச்சுப் பாக்கட்டும்னு கொண்டாந்தேன்."

"அவ இங்க இல்லை. குஜராத்துல இருக்கா" என்றார் அப்பா.

"எப்ப வருவா?"

அம்மாதான் உள்ளிருந்து வந்து, தணிந்த குரலில் நடந்ததைச் சொன்னாள். எங்களுக்குப் புத்தி சொல்லச் சேச்சி வரவில்லை. தன் கதையைத்தான் சொன்னாள், அதுவும் அப்பாவைப் பார்க்காமல் கீரைக்கட்டைப் பார்த்துக்கொண்டு.

"எனக்க தம்பிக்க மோளுக்க கல்யாணத்துக்கு நான் போவல்ல, சாரே. அவளுக்கு ஒரு பிள்ள பொறந்து, அது நடக்கவும் தொடங்கியாச்சு. நான் கண்டதில்ல. இந்த மோளு வந்து சொன்ன பொறவுதான் அந்த வீட்டுக்குள்ள போனேன். எடுக்கலாம்னு கை நீட்டினா, அந்தப் பிள்ள என்னக் கண்டு பயந்து கரைஞ்சுது, ஒரே அழுகை. அதுக்கு நான் ஆருன்னு தெரியாதுல்லா."

அப்பா என்னிடம் ஒரு டம்ளர் கொண்டுவரச் சொன்னார். வெளியில் எங்கே போனாலும், எவ்வளவு வெயிலானாலும், வீட்டுக்கு வந்துதான் தண்ணீர் குடிப்பவர் அவர். பாட்டிலைத் திறந்து, டம்ளரில் ஊற்றி, அண்ணாந்து, நிதானமாக முழுவதையும் குடித்தார். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்ல ஜலம்" என்றார். "நான் அவகிட்டே சொல்றேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் செருப்பை மாட்டும்போது அப்பாவும் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தார். பூத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருவரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். அக்கா எடுத்ததும், "அப்பா பேசணுமாம்" என்று சொல்லி ரிசீவரை நீட்டினேன்.

"அந்தப் பூவார்ச் சேச்சி வந்திருந்தா" என்றார் அப்பா. "அவ கெணத்து ஜலம் நன்னாயிடுத்து. நான் குடிச்சுப் பாத்தேன்." அந்தப் பக்கம் அவள் ஏதோ சொன்னாள். "ம்" என்றார். பிறகு ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். நான் காதில் வைத்தபோது அக்காவின் மூச்சு மட்டும் கேட்டது. "அப்பாவைப் போக விடாதே" என்றாள். நான் எட்டிப் பார்த்தபோது அவர் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போயிருந்தார்.

அடுத்த கோடை விடுமுறைக்கு அக்காவும் அவள் கணவரும் வருவதாக இருந்தது. வரச் சொல்லி அப்பா சொல்லவில்லை. ஆனால் மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் கூப்பிட்டார். கோடைக்கு முன்பே, ஒரு காலை நேரத்தில், நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அக்கா வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பின்னால் தயங்கி வாசலிலேயே நின்றவரை அம்மா "உள்ள வாங்கோ மாப்பிள்ளே" என்று அழைத்தாள். நான் அவரை முதல்முறையாக அத்திம்பேர் என்று அழைத்ததும் அன்றுதான்.

இப்போது அக்காவின் தலை முழுக்க நரைத்துவிட்டது. அவளுடைய வயல்களில் புதைத்து வைத்த கருவிகள் தாங்களாகவே அளந்து கைபேசிக்கு அனுப்பிவிடுகின்றன. இங்கே வந்திருக்கும்போதும் அவ்வப்போது எடுத்துப் பார்த்துக்கொள்வாள். எஸ்.டி.டி. பூத் இருந்த இடத்தில் ஒரு பேக்கரி. சேச்சி போய்விட்டாள்; அவள் தம்பியின் பேத்தி கல்லூரியில் படிக்கிறாள் என்று கேள்வி. அந்தக் காலத்துச் சாப்பாட்டு மேஜையில் அம்மாவும் நானும் மட்டும் உட்கார்கிறோம். அக்கா வரும் நாட்களில், அம்மா தூங்கிய பிறகு, எதையெதையோ பேசிக்கொண்டிருந்துவிட்டு அவள் கட்டாயம் அப்பா பூத்துக்கு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கே வந்து சேர்வாள். அன்று அப்பாவின் குரலைக் கேட்டவள் அவள். முகத்தைப் பார்த்தவள் நான்.

"எப்படி நின்னுண்டிருந்தார்னு சொல்லு" என்பாள்.

"சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிண்டிருந்தார். கண்ணை மூடிண்டிருந்தார். ரிசீவரை ரெண்டு கையாலயும் பிடிச்சிண்டிருந்தார்."

"ரெண்டு கையாலயுமா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

"ரெண்டு கையாலயும்" என்பேன்.