குளோரின் போடாத ஐந்து நாள்

அன்று நீச்சல் குளத்தருகே இருந்தவர்கள்: வீட்டுக்கார மேடம், அவருடைய மாமியார், ஆறு வயது மகள் அனன்யா, நான், பலகையில் ஒரு முழ உயரக் களிமண் பிள்ளையார். ஏரியில் கூட்டம் என்று வீட்டுக் குளத்திலேயே கரைக்கப் போகிறார்கள். ஊரில் இருப்பவர்களுக்கு வேடிக்கையாகத் தெரியும். எனக்குக் கவலை. சாமி மருந்துத் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று, சதுர்த்தியிலிருந்தே குளோரின் போடவிடாமல் மாமியார் தடுத்துவிட்டார்.

லிங்கராஜபுரத்திலிருந்து வர்த்தூருக்குத் தினமும் வண்டியில் வந்து இரண்டு வருடமாக இந்தக் குளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். எட்டாவதோடு நின்றவன், தண்ணீரின் குணம் எனக்கு நிறமாகத்தான் தெரியும். சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டால், குளோரின் இருக்கும் தண்ணீர் மஞ்சளாகும். அன்று நிறமே வரவில்லை. கிருஷ்ணகிரிப் பக்கத்து எங்கள் ஊர்க் கிணற்றில் எதையும் பார்க்காமல் குதித்திருக்கிறோம். ஆனால் அனன்யாவுக்குப் போன கோடையில்தான் காதில் சீழ் வைத்து ஆபரேஷன் ஆனது. சுத்தமான தண்ணீரில் மட்டும் விடச் சொல்லியிருந்தார் டாக்டர்.

“பாப்பாவே கணேசனை எடுத்துட்டு இறங்கட்டும்” என்றார் மாமியார். குழந்தை நீச்சல் உடையில் குதித்துக்கொண்டிருந்தது. நான் படிக்குக் குறுக்கே நின்றேன்.

“வேணாம்மா. மருந்தில்லாத தண்ணி, காதுக்கு ஆகாது.”

“கண்ணாடி மாதிரி இருக்கே?” என்றார் மேடம்.

“பாக்கத்தான் மேடம் அப்படி.”

மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏனப்பா, உங்க தமிழ்நாட்டுக்கு நாங்க தண்ணி விடலேன்னு, எங்க புள்ளைய நீ தண்ணியில விட மாட்டியா?”

மேடம் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை போனால் வாடகைக்கு என்ன செய்வது என்று மனம் ஓடியது. கால் மட்டும் நகரவில்லை. குழந்தை அழ ஆரம்பித்தது.

“நான் எடுத்துட்டு இறங்குறேம்மா. பாப்பா மேல நின்னு பூ போடட்டும்.”

“கால் கழுவிட்டு இறங்கு” என்றார் மாமியார்.

இத்தனை நாளில் அந்தத் தண்ணீரில் என் கை மட்டும்தான் நனைந்திருக்கிறது. மார்பளவு ஆழத்தில் பிள்ளையார் என் கையில் இளகினார். மேலே அவர்கள் கன்னடத்தில் பாடினார்கள். நான் தமிழில், அந்தக் காதைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

“பாப்பா எப்போ நீந்தலாம்?” என்று மேடம் கேட்டார்.

“மஞ்சள் வந்தப்புறம் மேடம்.”

மறுநாள் படிகாரம் போட்டுக் கலங்கலை அடியில் படியவைத்து, குழாயால் உறிஞ்சிச் சாக்கடைக்கு விட்டேன். வர்த்தூர்ச் சாக்கடை ஏரியில் விழுந்து, அங்கிருந்து தென்பெண்ணையில் கலந்து, ஓசூரைத் தாண்டி எங்கள் ஊர்ப் பக்கம் போகிறது. அவர்கள் வீட்டுப் பிள்ளையார் என் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் இங்கே குளோரின் அளந்துகொண்டிருந்தேன்.