மூச்சு நின்ற இடத்தில் வந்த வாக்கு

இரண்டு வருடத்துக்கு முந்திய வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போயிருந்தோம். நாங்கள் இருப்பது முரசுமோட்டைப் பக்கம். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில் இருக்கும் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு வான் பிடித்துப் போனோம். என் கணவர் வரவில்லை. "நீ போயிட்டு வா, எனக்கு ஒரு இரவெண்டாலும் நிம்மதியா நித்திரை வரும்" என்று கிண்டலடித்து அனுப்பினார். என் குறட்டை அப்படி. அவர் அறையை விட்டு விறாந்தையில் படுக்கத் தொடங்கி அப்போதே நாலைந்து வருடம். அரிசி மில்லுக்குப் பக்கத்தில் காணி வாங்கியது போல என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார். எனக்குக் குறட்டை இருக்கிறது என்று எழுத இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை மறைத்தால் சொல்ல ஒன்றுமில்லை.

நான் வீட்டில் இருந்து தையல் வேலை செய்பவள். அந்த நாட்களில் எந்நேரமும் களைப்பு. இரவு முழுக்கப் படுத்து எழும்பினாலும் அடித்துப் போட்டது போல இருக்கும். பஸ்சில், கலியாண வீட்டில், இருந்த இடத்தில் கண் சொருகிவிடும். கோயில் மணலில் பாயை விரித்ததும் பறைச் சத்தமும் சனத்தின் சத்தமும் எனக்குக் கேட்கவே இல்லை. படுத்துவிட்டேன்.

பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். குறட்டை விட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று சத்தமில்லாமல் போனேனாம். வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லையாம். பிறகு ஆண் குரலில் ஒரு உறுமல் உறுமி, கொண்டை அவிழ்ந்து விழ எழும்பி இருந்தேனாம். கண் திறந்தபடி இருந்ததாம், ஆனால் யாரையும் பார்க்கவில்லையாம். நெஞ்சு ஏறி இறங்க, முகமெல்லாம் வேர்வையாம். பொங்கல் இரவில், அம்மன் வாசலில் ஒருத்தி இப்படி எழும்பி இருந்தால் அதை நோய், வருத்தம் என்று யார் நினைப்பார்கள்? "அம்மாள் வந்திட்டா!" என்று யாரோ கத்தியிருக்கிறார்கள். திருநீறு பூசி, கையில் வேப்பிலையும் தந்துவிட்டார்கள்.

எனக்கு முதலில் நினைவு வந்தபோது என் கால் இரண்டையும் யாரோ பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஈரக் கை. குனிந்து பார்த்தால் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் அக்கா.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைசி யுத்த நேரத்தில் அவருடைய ஒரே மகன் காணாமல் போனான். அப்போது அவனுக்குப் பதினேழு வயது. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் அவனுக்கு ஒரு சேட் தைப்பிக்கத் துணி கொண்டு என்னிடம் வருவார். அளவு எங்கள் இரண்டு பேருடைய ஊகம்தான். "இப்ப தோள் அகண்டிருக்கும், கொஞ்சம் வயிறும் வைச்சிருக்கும், பெருசாத் தை தங்கச்சி" என்பார். நானும் வருடத்துக்கு அரை அங்குலம் கூட்டித் தைத்துக் கொடுப்பேன்.

"என்ர பிள்ளை வருவானோ அம்மா? ஒருக்காச் சொல்லுங்கோ" என்று அவர் என் காலைப் பிடித்தபடி கேட்டார்.

தொண்டை வறண்டு, தலை சுற்றி, எங்கே இருக்கிறேன் என்றே தெரியாத நிலை. அழுகிற ஒரு முகம் மட்டும் தெரிந்தது. "வருவான்" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. அந்தக் குரல் என்னுடையது போலவே இல்லை என்று பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். உண்மையைச் சொன்னால், என் காதுக்கும் அப்படித்தான் கேட்டது.

ஊருக்கு வந்ததும் எல்லாம் மாறிவிட்டது. "எடி" என்று கூப்பிட்டவர்கள் "வாங்கோ, இருங்கோ" என்றார்கள். வெள்ளிக்கிழமையில் ஒருத்தி பிள்ளையின் பள்ளிக்கூடச் சோதனை பற்றிக் கேட்டு வருவாள், இன்னொருத்தி கலியாணம் பற்றிக் கேட்டு வருவாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லித்தான் அனுப்பினேன். ஆனால் அம்மாள் வரவில்லை என்று ஒரு நாளும் சொல்லவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. பல வருடமாக இரவில் யாரோ கழுத்தை நெரிப்பது போலத் திடுக்கிட்டு எழும்புவேன். பேய் அமுக்குகிறது என்று பயந்து தலையணைக்குக் கீழே கத்தி வைத்துப் படுத்தவள் நான். பேயைவிட அம்மாள் மேல் அல்லவா?

அக்கா தைப்பொங்கல் வரைக்கும் காத்திருக்கவில்லை. ஆனியிலேயே இரண்டு சேட்டுக்குத் துணி கொண்டு வந்தார். மகனுக்கென்று ஒரு அறைக்கு வெள்ளையடித்துவிட்டதாகச் சொன்னார். "கெதியாத் தையுங்கோ அம்மா, பிள்ளை வந்து நிக்கேக்க மாத்திப் போட வேணும்" என்றார். துணியை வாங்கி மடித்து வைத்தேன்.

அந்தச் சேட்டைத் தைத்துக்கொண்டிருந்த ஒரு பகலில்தான் மெசினிலேயே நித்திரையாகிவிட்டேன். ஊசி விரல் நகத்தைத் துளைத்துக்கொண்டு போனது. ஆஸ்பத்திரியில் மருந்து கட்டக் காத்திருந்தபோது மர வாங்கில் சாய்ந்தும் நித்திரை. ஊசி ஏறிய விரலோடு குறட்டை விட்டவளை அங்கிருந்த டொக்டர் முதல் தடவையாகப் பார்த்திருக்க வேண்டும். விரலை விட்டுவிட்டு நித்திரையைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். கடைசியில் என் கணவரிடம், "இண்டைக்கு இரவு இவ படுக்கேக்க போனில ரெக்கோட் பண்ணிக்கொண்டு வாங்கோ" என்றார்.

அடுத்த நாள் காலை குசினி அடுப்படியில் வைத்து அந்த ரெக்கோடிங்கை இரண்டு பேரும் கேட்டோம். வெளியே நல்ல வெயில். முதலில் குறட்டை. என் கணவர் சிரித்தார், நானும் சிரித்தேன். பிறகு குறட்டை நின்றது. மின்விசிறி சுற்றுவது கேட்டது. பல்லி ஒன்று சொன்னது. எங்கேயோ நாய் குரைத்து ஓய்ந்தது. என் மூச்சு மட்டும் வரவில்லை. கேட்டுக்கொண்டிருந்த நான் என்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தாங்க முடியாமல் மூச்சை விட்ட பிறகும் போனுக்குள் படுத்திருந்தவள் விடவில்லை. பிறகுதான் அந்த உறுமல் வந்தது. தண்ணீருக்குள் அமுக்கி வைத்த ஒருவரைத் தலைமயிரைப் பிடித்து வெளியே இழுத்த சத்தம். திரும்பக் குறட்டை, திரும்ப அமைதி. என் கணவர் போனை நிற்பாட்டிவிட்டு எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டார். அன்றைக்குப் பிறகு அரிசி மில் பகிடியை அவர் சொன்னதே இல்லை.

ரெக்கோடிங்கைக் கேட்ட டொக்டர் எங்களை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார். அங்கே உடம்பெல்லாம் வயர் ஒட்டி ஒரு இரவு படுக்க வைத்துப் பார்த்தார்கள். எத்தனை தடவை மூச்சு நிற்கிறது என்று ஒரு எண்ணிக்கை சொன்னார்கள். இரவு முழுவதற்கும் அவ்வளவா என்று பதறிக் கேட்டேன். ஒரு மணித்தியாலத்துக்கு என்றார்கள். நித்திரையில் தொண்டை இறுகி மூடிவிடுகிறதாம். காற்றுப் போகாததால் மூளை அடித்து எழுப்புகிறதாம். விட்டுவிட்டால் இருதயத்தையும் கெடுக்குமாம். காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்து வைத்திருக்கும் சீபாப் மெசினை ஒவ்வொரு இரவும் மாட்டிக்கொண்டு படுக்க வேண்டும் என்றார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அங்கிருந்த டொக்டரிடம் மெல்லிய குரலில் ஒன்று கேட்டேன்: "அப்பிடித் திடுக்கிட்டு எழும்பேக்க ஏதும் கதைச்சா, அது ஆர் கதைக்கிறது?"

அவர் சிரித்தார். "நீங்கள்தான். வேற ஆர்?"

கனடாவில் இருக்கும் தம்பி மெசினை வாங்கி அனுப்பினான். அதில் எவ்வளவு அழுத்தம் வைக்க வேண்டும் என்பதை யாழ்ப்பாணத்திலேயே சரிசெய்து தந்தார்கள். முதல் இரவு பட்ட பாட்டை என்னவென்று சொல்ல! மூக்குக்கு மேல் மாஸ்க், தலையைச் சுற்றிப் பட்டி, யானைத் தும்பிக்கை போல ஒரு குழாய். காற்றை உள்ளே இழுப்பது சுகம், வெளியே விடுவதுதான் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பது போல இருந்தது. வாயைத் திறந்தால் மூக்கால் போன காற்று வாயால் சீறிக்கொண்டு வரும். "லைற்றை நிப்பாட்டுங்கோ" என்று கணவரிடம் சொல்லப்போக, வேறு யாரோ என் வாய்க்குள்ளிருந்து ஊதியது போல ஒரு சத்தம் வந்தது. அவர் இரண்டு அடி பின்னால் போனார். இருட்டில் படுத்திருந்தால், அறைக்குள் இன்னொரு ஆள் என்னோடு சேர்ந்து மூச்சு விடுவது போலவே கேட்கும்.

அதைவிடப் பயம் காலையில்தான். விடிந்து பார்த்தால் மாஸ்க் என் முகத்தில் இருக்காது. பட்டி கழற்றப்பட்டு, குழாய் ஒழுங்காகச் சுருட்டப்பட்டு, எல்லாம் கதிரைக்கு மேல் இருக்கும். மெசினும் நிற்பாட்டப்பட்டிருக்கும். கணவர்தான் என்று சண்டை பிடித்தேன். அவர் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணாத குறை. யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்துக் கேட்டபோது, தொடக்கத்தில் பலரும் நித்திரையில் தாங்களே கழற்றுவார்கள், பகலிலும் கொஞ்ச நேரம் போட்டுப் பழகுங்கள் என்றார்கள். என் கைதானாம். என் கை எனக்குத் தெரியாமல் என்ன செய்ததோ என்று அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்படிப் பகலில் போட்டுப் பழகிக்கொண்டிருந்தபோதுதான் அக்கா வந்தார். எப்படி மாட்டுவது, எங்கே அமத்துவது என்றெல்லாம் காட்டினேன். அவர் குழாயைத் தொடவில்லை. "இதைப் போட்டா அம்மாள் எந்த வழியால வருவா?" என்று கேட்டார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டார். "அவன் வரும் வரைக்கும் போடாதேங்கோ அம்மா. எங்க நிக்கிறான் எண்டு இன்னொருக்காக் கேக்க வேணும்."

எனக்கு வந்தது அம்மாள் இல்லை என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். மெசினை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். ஒரு கிழமை, ஏழு இரவும் அதைத் தொடவில்லை. என் கணவருக்குக் கோபம் தலைக்கேறியது. "அந்த மனுசி நம்பியிருக்கிறதுக்காக நீ சாகப் போறியோ? போய் உண்மையைச் சொல்லு" என்று கத்தினார். அவர் கத்தியது சரி. ஆனால் வெள்ளையடித்த அந்த அறையை நினைத்தால் எனக்கு வாய் வரவில்லை.

கடைசியில் நான் செய்தது கோழை வேலை. வாயால் சொல்லத் தைரியம் இல்லாமல், ஒரு இரவு எனக்குப் பக்கத்தில் இருக்கும்படி அக்காவைக் கூப்பிட்டேன். "நித்திரையில நான் என்ன செய்யிறன் எண்டு நீங்களே பாருங்கோ" என்று மட்டும் சொன்னேன். வாக்குக் கேட்கத்தான் கூப்பிடுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். தலைமுழுகித் தோய்ந்து, திருநீறு பூசி, கற்பூரமும் தட்டுமாக வந்து கட்டிலடியில் பாயில் இருந்தார். மெசினைப் பக்கத்துக் கதிரையில் வைத்துவிட்டு, மாஸ்க் போடாமல் படுத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. முகத்தில் எதுவோ அமத்த, காதுக்குள் காற்று இரைய, பதறிக் கண் விழித்தேன். அக்கா கட்டிலில் ஏறி இருந்து மாஸ்க்கைத் தலைகீழாக என் முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். மெசின் ஓடிக்கொண்டிருந்தது. கற்பூரம் தட்டில் கொளுத்தாமல் கிடந்தது.

"எடி, நீ மூச்சுக்கெல்லோ தவிக்கிறாய்" என்றார். "முதல்தரம் நீ உறுமேக்க கும்பிட்டன். ரெண்டாந்தரமும் கும்பிட்டன். பிறகு பாத்தா முகம் கறுத்து, வயிறு கிடந்து அடிக்குது, ஒரு பொட்டுக் காத்து இல்லை. அம்மாள் எண்டா உன்னை ஏனடி இப்பிடிக் கொல்லப் போறா?"

எழும்பி இருந்து அவருடைய கையைப் பிடித்தேன். "அக்கா, கோயிலில வருவான் எண்டு சொன்னது நான்தான். எனக்கு ஒண்டும் தெரியாது. இவ்வளவு நாளும் சொல்லாமல் இருந்திட்டன்." அழுகை வந்துவிட்டது.

மாஸ்க்கிலிருந்து காற்று வீணாகச் சீறிக்கொண்டிருந்தது. என்னை அடித்தால் நல்லது, ஏசினால் நல்லது என்று இருந்தது. அவர் தட்டில் கிடந்த கற்பூரத்தை எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்தார். பிறகு மாஸ்க்கை எடுத்து, எது மேல் எது கீழ் என்று என்னிடமே கேட்டு, பட்டியைத் தலைக்குப் பின்னால் மெதுவாக இழுத்து மாட்டினார்.

"வருவான் எண்டு இனி நான் சொல்லிக்கொள்ளுறன். அதுக்கு நீ வேண்டாம். நீ உயிரோட இரு" என்றார்.

அன்றைக்கு விடியும் வரைக்கும் அவர் பக்கத்தில் இருந்தார். நித்திரையில் என் கை மாஸ்க்கைக் கழற்றப் போன ஒவ்வொரு தடவையும் பிடித்து நெஞ்சில் வைத்ததாகக் காலையில் சொன்னார். வருடக் கணக்கில் நான் நித்திரை என்று நினைத்தது நித்திரையே இல்லை என்று அந்தக் காலையில்தான் தெரிந்தது. ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் எனக்கு வந்தது அம்மாள் இல்லை, நித்திரையில் மூச்சு நிற்கிற வருத்தம் என்று நானே சொன்னேன். சிலர் சிரித்தார்கள், சிலர் இன்றுவரை நம்பவில்லை. அவர்கள் என்னைப் பார்க்கிற பார்வையில் இன்னும் கொஞ்சம் பயம் இருக்கிறது.

இப்போது மாஸ்க் இல்லாமல் நான் படுப்பதில்லை. ஆனாலும் சில இரவுகளில், பட்டியை இறுக்கி மெசினைப் போட்டதும் "வருவான்" என்ற அந்த ஒற்றைச் சொல் ஞாபகத்துக்கு வரும். ஒரு தாயிடம் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொன்னவளுக்கு அந்தத் தாயே தன் கையால் மூச்சைக் கொடுத்துவிட்டுப் போனார் என்ற நினைப்பு, நித்திரை வரும் வரைக்கும் என்னைவிட்டுப் போவதில்லை.