சங்கு ஊதாத மதியம்

விழுப்புரத்தில் நான் வேலை பார்த்த அச்சகத்தை மூடிய பிறகு, எங்கள் ஊரான திண்டிவனத்தின் நூலகத்துக்குப் போகத் தொடங்கினேன். உட்கார இடம் கிடைப்பதே பெரும்பாடு. புறவழிச்சாலையில் இருந்த கம்பெனியையும் மூடிவிட்டார்கள். அங்கே வேலை செய்தவர்கள் கம்பெனி கொடுத்த அதே நீலச் சட்டையோடும் சாப்பாட்டுப் பையோடும் வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவு கூட்டத்தில் தாள் புரளும் சத்தம்கூட இல்லாதது, அச்சு இயந்திர இரைச்சலில் பழகிய எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு மதியம் அத்தனை பேரும் ஒன்றாக எழுந்தார்கள். மணி அடிக்கவில்லை, யாரும் கூப்பிடவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் குழாயடிக்குப் போய்க் கை கழுவினார்கள்.

நூலகரம்மாவிடம் கேட்டேன்.

“கம்பெனில சாப்பாட்டுக்குச் சங்கு ஊதற நேரம் சார். தெனமும் இப்படித்தான் எழுந்து போய்க்கினு இருக்காங்க,” என்றார் தாழ்ந்த குரலில்.

“இப்பதான் சங்கே இல்லியேம்மா.”

“அவங்களுக்குக் கேக்குது போல.”

பைத்தியக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த மாதம் ஒரு நாள், செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்ததுதான் நினைவிருக்கிறது. கையில் தண்ணீர் பட்டபோது, நீலச் சட்டைகளுக்கு நடுவில் குழாயடியில் நின்றிருந்தேன். அந்தக் கம்பெனி வாசலை நான் ஒருநாளும் மிதித்ததில்லை.