மயில்கழுத்து நிறத்தில் ஒரு வீடு

என் வீட்டுக்குச் சந்தனக் கலர் அடிக்கச் சொன்னவர்கள் அத்தனை பேரையும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரி சொன்னாள். கட்டிட வேலையை முடித்துச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்த கொத்தனார் கேட்காமலே சொன்னார். சந்தனம் என்றால் அழுக்குத் தெரியாது, கண்ணை உறுத்தாது, யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அந்தக் கடைசிக் காரணம்தான் எனக்கு ஆகவில்லை. யாரும் ஒரு வார்த்தை சொல்லாத வீட்டில் குடியிருப்பதற்கா பதினோரு வருஷம் காத்துக் கிடந்தேன்?

அந்தப் பதினோரு வருஷமும் மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், ஆறு குடித்தனங்களுக்கு நடுவே ஒரு போர்ஷனில் கழிந்தது. பொங்கலுக்குப் பொங்கல் வீட்டுக்காரர் ஆள் அனுப்பிச் சுண்ணாம்பு அடிப்பார். நீலம் கொஞ்சம் தூக்கலாகப் போட்ட சுண்ணாம்பு. ஆறு குடித்தனத்துக்கும் ஒரே வாளி, ஒரே மட்டை. காலண்டர் மாட்ட ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் மாடிக்குப் போய் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் அடிக்க வேண்டும். சுவரில் சாய்ந்தால் முதுகில் வெள்ளை ஒட்டிக்கொள்ளும். நான் ஆபீசுக்குப் போகிற பஸ்ஸில் என் முதுகைப் பார்த்தே நான் வாடகைக்கு இருப்பவள் என்று யாரும் சொல்லிவிடலாம் என்று எனக்கு ஒரு எண்ணம். ரோஷக்காரிக்குத் தோன்றுகிற எண்ணம்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அடையாறில் எங்களுக்கு ஒரு மூலை மனை அமைந்தது. இரண்டு தெருக்கள் சந்திக்கிற இடம். வாசல் கிழக்குத் தெருவில், பக்கச் சுவர் குறுக்குத் தெருவில். பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்தால் முதலில் பக்கச் சுவர் தெரியும், மூலை திரும்பினால்தான் வாசல். பிளான், வாஸ்து, ஜன்னல், சமையல் மேடையின் உயரம் எல்லாவற்றையும் என் கணவரும் இன்ஜினியரும் பேசி முடித்துவிட்டார்கள். மேடை எனக்கு இரண்டு அங்குலம் உயரம். இன்றைக்கும் பலகையில் நின்றுதான் மாவு பிசைகிறேன். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு ஒருநாள் கணவர், "சரி, வெளிக்கலர் மட்டும் உன் இஷ்டம். நான் வாயே திறக்கலை" என்றார். சொன்னபடியே திறக்கவில்லை. யார் கேட்டாலும், "அது அவ டிபார்ட்மென்ட்" என்று நழுவிவிடுவார்.

நிறம் பார்ப்பதில் எனக்கு அப்போது பெரிய கர்வம் உண்டு. தி. நகரில் புடவை எடுக்கிறவள் எவளும் கடைக்குள் எரிகிற டியூப் லைட்டை நம்ப மாட்டாள். புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்படி வரைக்கும் வந்து வெயிலில் பார்ப்பாள். கடைக்காரர் பின்னாலேயே வருவார். அப்படிப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் என்னுடையது. மேட்சிங் பிளவுஸ் எடுக்கத் தோழிகள் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். அதனால் பெயின்ட் கடையில் கொடுத்த ஷேட் கார்டையும் வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் பிடித்தேன். நகத்தளவு கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். ஒன்றும் மனதுக்குப் பிடிக்கவில்லை. எனக்கு வேண்டியது அந்த அட்டையில் இல்லை, என் டிரங்குப் பெட்டியில் இருந்தது.

வேலைக்குச் சேர்ந்து என் முதல் சம்பளத்தில் நானே எடுத்த பட்டுப்புடவை. மயில்கழுத்து நிறம், அரக்கு பார்டர். அதனோடு வந்த பிளவுஸ் துணியில் தைத்தது போக உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிட் மிச்சமிருந்தது. அதைக் கொண்டுபோய்ப் பெயின்டர் கையில் கொடுத்து, "இதே கலர்" என்றேன். அவர் ஆற்றோரத்துக் குடியிருப்பில் இருந்து சைக்கிளில் வருகிறவர். வெள்ளைப் பெயின்ட்டில் சின்ன டப்பாக்களிலிருந்து நிறத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலந்து, குச்சியால் எடுத்துச் சுவரில் தடவிப் பார்த்துக் கேட்ட நிறத்தைக் கொண்டுவந்துவிடுவார். பிட்டை வாங்கி முகர்ந்து பார்க்காத குறையாகப் பார்த்தார். "அப்டியே குட்த்துர்றேன் மா. ஒரு நூல் பிசகாது" என்றார்.

புதுமனை புகுவிழா ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை ஆபீசில் பர்மிஷன் போட்டுவிட்டு நாலரை மணிக்கு வந்து நின்றேன். வாசல் சுவர் முழுக்க முதல் கோட் முடிந்திருந்தது. பச்சை. சாதாரணப் பச்சை இல்லை, கிணற்றுப் படியில் பார்க்கிற ஆழமான பச்சை.

"இது என்ன, பச்சையை அடிச்சு வெச்சிருக்கீங்க? நான் கேட்டது நீலமாச்சே?"

பெயின்டர் சாரத்தின் மேலிருந்து இறங்கி, சட்டைப் பையிலிருந்து பிட்டை எடுத்தார். சுவர்மேல் வைத்துக் காட்டினார். "நீ குட்த்த துணிதான் மா. நல்லா பாரு. பச்சையா கீதா இல்லியா?"

பச்சையாகத்தான் இருந்தது. பிட்டை அவர் கையிலிருந்து பிடுங்கி அப்படியே குறுக்காகத் திருப்பினேன். நீலம். "இப்போ சொல்லுங்க" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து பார்த்தார். நான் ஒரு தடவை திருப்ப, அவர் ஒரு தடவை திருப்பினார். "அட, ஆமா. நீலமா மாறிகினு கீதே" என்றார். பிறகு அவருக்கும் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, செவுரு இன்னா துணியா? வர்றவன் போறவனுக்கெல்லாம் திருப்பித் திருப்பிக் காட்ட?"

நீளவாக்கில் ஓடும் பாவில் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடையில் ஒரு நிறம் என்று நெய்த துணி அது. இந்த விஷயம் எனக்குத் தெரியாததில்லை. தெரிந்துதான் அந்தப் புடவையையே எடுத்தேன். அதைச் சுவரில் அடிக்க முடியாது என்பது மட்டும் எப்படித்தான் உறைக்காமல் போயிற்றோ! இந்தத் தப்பைப் புடவை தெரியாத ஒருத்தி செய்திருக்கவே மாட்டாள். அத்தனை கெட்டிக்காரியான நான்தான் செய்தேன்.

ஆனால் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "நாளைக்குப் பக்கத்துச் சுவர்ல நீலத்தை அடிங்க. ரெண்டையும் பார்த்துட்டு எது நல்லாயிருக்கோ அதையே முழுக்க அடிச்சுடலாம்" என்றேன். புதன்கிழமை பக்கச் சுவர் நீலமாகிவிட்டது. அன்று சாயங்காலம் பச்சையின் முன்னால் நின்றால் நீலம் நன்றாக இருந்ததாகத் தோன்றியது. நீலத்தின் முன்னால் போய் நின்றால் பச்சைதான் சரி என்று தோன்றியது. நான் மூலைக்கும் வாசலுக்குமாக நடப்பதைப் பார்த்து எதிர்வீட்டு அம்மாள் ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டாள். கணவரைப் பார்த்தேன். அவர் புதுக் கேட்டின் தாழ்ப்பாளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "ஏன்னா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றதற்கு, "வாயே திறக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேனே" என்றார். அந்தச் சமயத்தில் அவரைவிட அந்தத் தாழ்ப்பாள் எவ்வளவோ மேல் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை நாத்தனார் வந்தார். கணவருக்கு மூத்தவர். கோலம் எங்கே போடுவது, ஹோமத்துக்குச் செங்கல் எங்கே அடுக்குவது என்று பார்த்துப் போக வந்தவர், தெரு மூலையில் ஆட்டோவிலிருந்து இறங்கி, வீட்டை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "இது என்னடி, பாகம் பிரிச்ச அகம் மாதிரி! அண்ணாவுக்குப் பாதி, தம்பிக்குப் பாதியா?" என்று சிரித்தார்.

ஊரில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அண்ணன் தம்பி சண்டை போட்டுக்கொண்டு ஒரே வீட்டை நடுவில் பிரித்துக்கொள்வார்கள். ஆளுக்கொரு கலர் அடித்து, என் எல்லை இதுவரை என்று உலகத்துக்கே காட்டுவார்கள். நாத்தனார் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் பால் காய்ச்சப் போகிற வீட்டைப் பார்த்து அந்தச் சொல் விழுந்ததும் எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. கையைக் காலைக் கழுவுகிற சாக்கில் கொல்லைப்பக்கம் போய் அழுதேன். எனக்கென்று கொடுத்தது ஒரே ஒரு காரியம். அதையும் கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

நாத்தனார் போனதும் பெயின்டரிடம், "சந்தனமே அடிச்சுடுங்க" என்றேன். உள் அறைகளுக்கு அடித்தது அரை டப்பா மிச்சமிருந்தது. அவர், "வெள்ளிக்கெழம சாரம் பிரிக்கணும் மா, இப்பவே ஆரம்பிச்சுர்றேன்" என்று டப்பாவைத் திறந்தார். நான் அங்கே நிற்கப் பிடிக்காமல், பிட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்க்க நடந்தேன்.

குறுக்குத் தெருவைக் கடந்து எதிர் மூலைக்கு வந்ததும் ஏன் திரும்பிப் பார்த்தேன் என்று தெரியவில்லை. வெயில் இறங்கிவிட்டிருந்தது. அங்கிருந்து பார்த்தால் இரண்டு சுவரும் சேர்ந்து தெரிந்தன. நான் இரண்டு அடி இப்படி வைத்தால் நீலம் அகலமாகிப் பச்சை ஒடுங்கியது. இரண்டு அடி அப்படி வைத்தால் பச்சை விரிந்து நீலம் மறைந்தது. கையிலிருந்த பிட்டைப் பார்த்தேன். அதுவும் இதையேதான் செய்துகொண்டிருந்தது. சுவரைத் திருப்ப முடியாது, சரி. நான் நடக்கலாமே! நடுத்தெருவில் நின்று சத்தமாகச் சிரித்துவிட்டேன். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அப்புறம் ஓடினேன். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முப்பத்தாறு வயதில், அடையாறில் ஒரு தெருவில் ஓடினேன். பெயின்டர் அதற்குள் வாசல் ஓரத்தில் உள்ளங்கை அளவுக்குச் சந்தனத்தைத் தடவியிருந்தார்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க! ரெண்டும் இருக்கட்டும்."

"இன்னாமா இது, காலைலேர்ந்து என்னிய வெச்சி வெளாட்றியா?"

"வாங்க" என்று அவரை எதிர் மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பிரஷ்ஷும் கையுமாக வந்தார். நடந்து பார்க்கச் சொன்னேன். அவர் நான்கு தடவை நடந்தார். முதல் இரண்டு தடவை எனக்காக. அடுத்த இரண்டு தடவை தனக்காக. பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "சர்தான். ஆனா அந்தம்மா சொன்னது கெரெக்டு. ரெண்டு வூடு மாதிரிதான் கீது" என்றார்.

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. புடவைக்கு எத்தனை நிறம் இருந்தாலும் பார்டர் ஒன்றுதானே? "மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர்ல ஒரு முழ அகலத்துக்கு அரக்கு. வாசல் பக்கம் ஆரம்பிச்சு மூலையில விடாம திரும்பி அந்தப் பக்கம் கடைசி வரைக்கும் போகணும். நடுவுல எங்கயும் நிக்கக் கூடாது" என்றேன். வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கீழே நின்று பார்த்தேன். அவர் சாரத்தில் நகர்ந்து நகர்ந்து, மூலை வந்ததும் பிரஷ்ஷை எடுக்காமலே திரும்பினார். அந்த அரக்குக் கோடு இரண்டு சுவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஒன்பது கஜத்தில் நின்று பால் காய்ச்சினேன். ஹோமம் முடிந்து, கொத்தனாருக்கும் தச்சருக்கும் பெயின்டருக்கும் தாம்பூலத்தில் வேட்டி வைத்துக் கொடுத்தோம். பெயின்டர் மனைவியையும் கூட்டி வந்திருந்தார். வேட்டியை வாங்கிக்கொண்டதும் அவளை எதிர் மூலைக்கு அழைத்துப் போய், "இங்கருந்து பாரு. இப்ப இப்டி வா. பாத்தியா? நான் கலந்தது" என்று காட்டிக்கொண்டிருந்தார். என் யோசனை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறுக்கவில்லைதான். அதைவிட, அவர் முகத்தைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

அவர்களுக்குப் பின்னால் யாரோ நடப்பது தெரிந்தது. நாத்தனார். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, யாரும் கவனிக்கவில்லை என்கிற நினைப்பில், அந்தப் பக்கம் ஒரு தடவை, இந்தப் பக்கம் ஒரு தடவை போனார். பார்டரை மூலை வரைக்கும் கண்ணாலேயே தொடர்ந்து வந்தார். பிறகு நேராக என்னிடம் வந்தார். பாகம் பிரித்த பேச்சை எடுப்பார் என்று நானும் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"உன் மயில்கழுத்துப் புடவைதானேடி இது? அந்தப் புடவை இன்னும் இருக்கா?"

"இருக்கு, அக்கா."

"பின்ன இன்னிக்கு அதைக் கட்டிக்காம என்ன பண்ணிண்டிருக்கே? போ, போய் மாத்திண்டு வா. போட்டோக்காரன் கிளம்பறதுக்குள்ள."

டிரங்குப் பெட்டி இன்னும் பிரிக்காத மூட்டைகளுக்கு அடியில் இருந்தது. பிளவுஸ் இரண்டு பக்கமும் பிடித்தது. மூச்சை அடக்கிக்கொண்டுதான் கொக்கி போட்டேன். வெளியே வந்தபோது நாத்தனார் எல்லோரையும் ஒதுக்கி, இரண்டு சுவரும் தெரிகிற மாதிரி என்னை மூலையில் தனியாக நிறுத்தினார். பக்கத்தில் வந்து நிற்கப்போன என் கணவரையும், "நீ அப்புறம்" என்று தடுத்துவிட்டார்.

நான் சுவரில் நன்றாகச் சாய்ந்து நின்றேன். முதுகில் ஒன்றும் ஒட்டவில்லை.